மூன்று வாசல், ஒரு பின்கட்டு

மாடியில் பேக்கிங் டேப் கிழிபடும் ஓசை கீழே என் அறைக்குத் தெளிவாகக் கேட்கும். கையில் எந்தப் புத்தகம் இருந்தாலும், அதன் எந்த வரியில் நான் இருந்தாலும், அட்டைப்பெட்டியின் மேல் அதை இழுத்து ஒட்டும்போது எழும் நீண்ட கரகரப்பை என் காது தவறவிட்டதில்லை. ஓரிரு முறை கேட்டு நின்றுவிட்டால் சிறிய பெட்டி, விளக்கோ மணியோ. ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் பொம்மைகள், அதுவும் தசாவதாரம் போன்ற பெரிய செட். என் ஓர்ப்படியின் கடையில் அன்றைக்கு எப்படிப்பட்ட வியாபாரம் என்பதை அவள் சொல்லாமலே நான் அறிந்துகொண்டது இப்படித்தான். புடவைக்கு அவ்வளவு டேப் வேண்டாம். மடித்து, உறையிலிட்டு, விளிம்பை ஒட்டினால் போதும். என் வியாபாரம் சத்தமில்லாதது என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய எங்கள் வீட்டில் கீழ்த்தளம் எங்களுடையது. மாடி என் கணவரின் தம்பி குடும்பத்துடையது. அடுப்பு இரண்டு, தெருவாசல் ஒன்று. கல்லூரி நூலக வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற பிறகு, ஒன்பது கஜப் புடவைகளை இணையத்தில் விற்கத் தொடங்கினேன். வெளிநாட்டுக்குப் போன பெண்கள் கல்யாணத்துக்கும் சீமந்தத்துக்கும் மடிசார் கிடைக்காமல் அலைகிறார்கள் என்று கேள்விப்பட்டதுதான் தொடக்கம். ஒவ்வொரு புடவையின் படத்துக்கும் கீழே ஒரு பத்தி எழுதுவேன். அரக்கு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட என்னால் ஆகாது. அது காய்ந்த மிளகாயின் அரக்கா, மாதுளம்பழத் தோலின் அரக்கா என்று சொல்லியாக வேண்டும். வாங்கியவர்கள் பதில் எழுதினார்கள். புடவையைப் பற்றி ஒரு வரி. அதன்பின் மகளின் கல்யாணம், மாமியாரின் முழங்கால் வலி, பனி மூடிய வாசலில் கோலம் போட முடியாத மார்கழி. நான் ஒவ்வொருவருக்கும் ஆற அமர மறுமொழி எழுதுவேன். உண்மையில் என் கடை என்பது அந்தக் கடிதங்கள்தான். புடவை அவற்றுக்கு ஒரு சாக்கு.

என் ஓர்ப்படிக்குக் கடை வைக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். கொழுந்தனைப் போலவே அவளும் என்னை மன்னி என்றே அழைப்பாள். "மன்னி, இதெல்லாம் எப்படிப் பண்றதுன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்கோளேன்" என்று ஒரு பகல் முழுவதும் என் பக்கத்தில் அமர்ந்து கேட்டாள். முதலில் கொலு பொம்மைகள். அது பிடித்துக்கொண்டதும் பூஜைப் பாத்திரங்களுக்கு இன்னொரு கடை. நான் பத்தி எழுதும் இடத்தில் அவள் பேசினாள். வைக்கோலைப் பிரித்து ஒரு பொம்மையை வெளியே எடுத்து, "இந்த ஆண்டாளைப் பாருங்கோ, கொண்டை ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கோன்னோ, அதான் அழகு" என்று ஃபோனுக்கு முன்னால் சொல்வாள். அவ்வளவுதான். மறுநாள் மாடியில் டேப் ஓயாது. "உன் சிஷ்யை உன்னையே மிஞ்சிட்டா போ" என்றார் என் கணவர். அவர் அதை எனக்குச் சேர்ந்த பெருமையாகவே சொன்னார். எனக்கு அது அப்படிப் போய்ச் சேரவில்லை.

மூன்று கடைகளையும் ஒன்றாக்கும் பேச்சு ஒரு வாடிக்கையாளரால் வந்தது. அமெரிக்காவில் மகளுக்கு முதல் கொலு. இங்கிருந்து தாயார் ஒரு புடவையும், பொம்மை செட்டும், குத்துவிளக்கும் வாங்கினார். மூன்று கடை, மூன்று பில், மூன்று பார்சல் கட்டணம். "எல்லாம் ஒரே வீட்டுலேர்ந்துதானே வர்றது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. போதாததற்கு அந்த விளக்கு பொம்மைக் கடையிலும் பாத்திரக் கடையிலும் படமாக நின்றது. கையிருப்பில் மிஞ்சிய ஒற்றை விளக்கை இரண்டு கடைகளும் ஒரே நாளில் விற்றுவிட்டு, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கும்படி ஆயிற்று.

யோசனை கேட்க நாங்கள் இருவரும் பாலக்கரைக்குப் போனோம். ஒரு பாத்திரக்கடையின் மாடியில் அலுவலகம் வைத்திருந்தார் அந்த மனிதர். வளைகுடாவில் பல வருஷம் கடைகளின் இணைய வேலையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பேச்சில் அவசரமே இல்லாதவர்.

"வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. டீ சொல்லவா?"

நான் வெளியில் எதுவும் சாப்பிடுவதில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "சொல்லுங்கோ. எனக்குச் சர்க்கரை தூக்கலா" என்றாள் என் ஓர்ப்படி. அந்தச் சுலபம் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. அவள் டீயை ஊதிக் குடிக்கும் அழகையும், அந்த மனிதர் அதற்குள் அவளைப் பார்த்தே பேசத் தொடங்கியிருந்ததையும் கவனித்தபடி நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன்.

"மூணு வழி இருக்கும்மா. ஒண்ணு, எல்லாத்தையும் ஒரே கடையாக்கிடலாம். உள்ள வந்தா இந்தப் பக்கம் பொம்மை, அந்தப் பக்கம் பாத்திரம், மூலையில புடவை."

"மூலையிலயா?" என்றேன்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா. ரெண்டாவது, இப்ப இருக்கற மாதிரியே மூணையும் தனித்தனியா வெச்சுக்கலாம். வாடகையும் மூணு, தலைவலியும் மூணு. மூணாவதுதான் உங்களுக்குச் சரியா வரும். வாசல் மூணு, பின்கட்டு ஒண்ணு. வர்றவங்களுக்கு மூணு கடைதான் தெரியும். கடைக்கு ஒரு பேரு, ஒரு முகம். பின்னாடி ஸ்டாக்கு, கூரியர், பணம் வரவு, லெட்டர் எல்லாம் ஒரே எடத்துல. அந்த விளக்கு ஒரு கடையில வித்தா, மறு கடையில தானா எறங்கிடும்."

"பின்கட்டுச் சாவி?" என்று கேட்டேன்.

"ஓனர் கணக்கு ஒண்ணுதாம்மா இருக்கும். மத்தவங்க ஸ்டாஃப். ஓனர் குடுக்கற அனுமதிக்கு ஏத்த மாதிரி அவங்க வேலை பாக்கலாம்."

ஸ்டாஃப் என்ற சொல்லை அவர் மிகச் சாதாரணமாகத்தான் உச்சரித்தார். என் ஓர்ப்படி உடனே, "ஓனர் மன்னிதான்" என்றாள். அவள் மரியாதை தெரிந்தவள். ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவள் கையிலிருந்த ஃபோன் இரண்டு முறை மணியடித்துவிட்டது. என்னுடையது துணியுறைக்குள், பைக்குள், அமைதியாக இருந்தது. "மெசேஜ் வந்தா சட்டுனு பாக்கறவங்க ஓனரா இருந்தா சௌகரியம்" என்றார் அவர். மூன்று வாரம் சோதித்துப் பார்க்க இலவசமாகத் தருகிறார்கள் என்றும், அதுவரை யாராவது ஒருவருடைய பெயரில் இருக்கட்டும் என்றும் சொன்னார். அவளுடைய மின்னஞ்சல் முகவரி அதில் ஏறியது.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அவள் ஜன்னலோரத்தில் அமர்ந்து, இனி புடவையையும் பொம்மையையும் ஒரே பெட்டியில் அனுப்பலாம் என்று உற்சாகமாகத் திட்டம் போட்டாள். நான் ஆம் ஆம் என்றேன். என் கடை, அதன் பத்திகள், அதற்கு எழுதும் பெண்கள், எல்லாம் அவள் ஃபோனுக்குள் குடியேறிவிட்டதைத் தவிர வேறெதையும் நினைக்க எனக்கு இயலவில்லை. நல்ல வழி என்று என் அறிவு ஒப்புக்கொண்ட ஒன்றை ஒப்பாமல் என் மனம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரமே மும்பையிலிருந்து செய்தி வந்தது. என் மாமனாரின் பெரியப்பா வழியில் ஒரு பேரன் பரமபதித்துவிட்டார். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் சாத்தமுதை, அதாவது ரசத்தை, இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு வேறு நினைவில்லை. ஆயினும் பங்காளி. இரண்டு அடுப்புக்கும் பத்து நாள் தீட்டு.

தலைக்குக் குளித்த ஈரத்தோடு என் ஓர்ப்படி கீழே இறங்கி வந்தாள்.

"மன்னி, நான் கடையை மூடிடறேன். தீட்டோட பெருமாளையும் தாயாரையும் தொட்டுப் பெட்டியில அடைக்க மாட்டேன்."

"ஆவணி கடைசிடி. நவராத்திரிக்கு இப்பத்தானே எல்லாரும் வாங்குவா? உனக்கு வருஷத்துக்கே இதுதானே சீஸன்?"

"போனாப் போறது."

கூந்தலிலிருந்து தண்ணீரை உதறுவதுபோல அவ்வளவு எளிதாகச் சொன்னாள். வியாபாரத்தில் என்னை மிஞ்சியவள், ஆசாரத்திலாவது எனக்குச் சற்று இடம் விட்டு வைத்திருக்கலாம்.

"உங்க கடையை என்ன பண்ணப் போறேள்?"

"என்னது புடவைதானே. திறந்தே இருக்கட்டும். பட்டுக்குத் தீட்டில்லைன்னு பெரியவாளே சொல்லியிருக்கா."

"பட்டுக்குச் சரி மன்னி. உங்க கடையில முக்கால்வாசி காட்டன்னா!"

செய்தித்தாளுக்குப் பின்னால் என் கணவர் சிரித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. "கூரியர் வண்டியில ஏறி, ப்ளேன்ல ஏறி, கடல் தாண்டிப் போய்ச் சேர்றதுக்குள்ள எந்தத் தீட்டும் நிக்காது."

"கடல் தாண்டினா அது தனி தோஷம்" என்று சொல்லிவிட்டு அவள் படியேறிப் போனாள்.

அதன் பிறகு மாடியில் டேப் ஓசை இல்லை. வெகுகாலத்துக்குப் பின் எங்கள் வீட்டில் திறந்திருக்கும் ஒரே கடை என்னுடையது என்ற எண்ணம், துக்கத்தின் நடுவே எனக்குள் ஒரு சின்னப் பண்டிகையைப் போல இருந்தது. அது நீடிக்கவில்லை. ஓர் ஆர்டர்கூட வரவில்லை. கடிதமும் இல்லை. காலையில் பார்ப்பேன், மத்தியானம் பார்ப்பேன், விளக்கேற்றாத சாயங்காலத்தில் மறுபடி பார்ப்பேன். அவள் கடை மூடியிருக்கும்போதே என்னைத் தேடி ஒருவரும் வரவில்லை என்றால், இத்தனை நாளும் வந்தவர்கள் அவளிடம் வந்து, போகிற வழியில் என்னையும் எட்டிப்பார்த்தவர்களா? கடை ஒன்றாவதற்கு முன்னால் வருஷக்கணக்காக எனக்கு எழுதியவர்களை நான் மறந்தே போனேன். பொறாமைக்கு முன்னும் பின்னும் தெரிவதில்லை. மாடியில் மட்டும் அவள் ஃபோன் விட்டு விட்டு மணியடித்துக்கொண்டிருந்தது. கடையை மூடிய பிறகும் அவளுக்கு யார் எழுதுகிறார்கள் என்று யோசித்தபடி, வாசிக்காத பக்கத்தைத் திருப்புவேன்.

தீட்டு கழிவதற்குச் சில நாள் முன்பு ஒரு காலை, மெல்பர்னிலிருந்து என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஃபோனில் கூப்பிட்டார். எடுத்ததும் விசும்பல்.

"மாமி... உங்களுக்குப் போய் இப்படி... எழுத மனசு வரலை, அதான் கூப்பிட்டேன்."

"யாரும்மா போனா? என்ன ஆச்சு?"

"மாமாதான்... கடையில போட்டிருந்ததே, அகத்துப் பெரியவர் ஆசார்யன் திருவடி அடைந்தார்னு..."

மாமா எனக்கு எதிரே அமர்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"யாராம்? யாரு போயிட்டாளாம்?" என்று கேட்டார்.

"நீங்கதான்" என்றேன்.

"அப்படியா? அப்போ இந்தக் காபியைக் குடிக்கலாமோ, கூடாதோ?"

அவர் குரல் கேட்டு எதிர்முனையில் அழுகை நின்றது. நான் அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் விளக்கி, ஃபோனை வைத்துவிட்டு, என் கடையை ஒரு வாடிக்கையாளர் திறப்பதுபோலத் திறந்து பார்த்தேன். முகப்பில் என் புடவைகள் இல்லை. என் ஓர்ப்படி எழுதிய அறிவிப்பு மட்டும் நின்றது. பத்து நாள் கழித்துச் சேவிக்கிறோம் என்று முடிந்திருந்தது.

மாடிக்கு நான் அடிக்கடி ஏறுவதில்லை. அன்று ஏறினேன். வந்த காரணத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ மன்னி, மூணும் சேர்ந்து மூடிடுத்தா?"

திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு கடைக்குள்ளும் அதை மூடுவதற்குத் தனி வழி இருந்தது. பின்கட்டின் உச்சியில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. பெருமாள் பொம்மையைத் தீட்டில் தொடக்கூடாது என்ற அவசரத்தில் அவள் அழுத்தியது அந்தப் பொதுவானதை. இதை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அடுத்துக் கண்ணில் பட்டதைத்தான் முடியவில்லை. அந்தத் திரையிலேயே கடிதங்கள் இருந்தன. டொராண்டோ, சிங்கப்பூர், லண்டன். எல்லாம் 'அன்புள்ள மாமி' என்று தொடங்கின. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பதில்.

"நீயா எழுதினே?"

"மொதல்ல உங்களுக்கு வந்ததுன்னே தெரியலை மன்னி. மாமின்னு போட்டிருந்தது. நானும் மாமிதானே?"

"அப்புறம்?"

அவள் ஃபோனை என் பக்கம் நீட்டினாள். நான் படித்தேன். தூரத்துப் பங்காளிதான், மாமா சௌக்கியம் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தாள், அதில் குறையில்லை. 'புடவைக்கார மாமியின் ஓர்ப்படி' என்று கையொப்பமிட்டிருந்தாள். தகப்பனாரைச் சென்ற வருஷம் இழந்த டொராண்டோ பெண்ணுக்கு, 'அழணும்போல இருந்தா அழுதுடுங்கோ, அடுப்புல இருக்கறதை மட்டும் அணைச்சுட்டு அழுங்கோ' என்று எழுதியிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு நான் சென்ற வருஷம் நிலையாமையைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருந்தேன். நன்றி என்று ஒரு வரியில் பதில் வந்தது. இவளுக்கோ அந்தப் பெண் அன்றைக்கே இரண்டு முறை எழுதியிருக்கிறாள், இரண்டாவதில் சிரித்திருக்கிறாள்.

வியாபாரத்தில் அவள் என்னைத் தாண்டியதை நான் தாங்கிக்கொண்டிருந்தேன். இது தாங்கக்கூடியதாக இல்லை.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லணும்னுதான் தினம் நெனைச்சுப்பேன். சொன்னா நீங்க வாங்கிண்டுடுவேள்." அவள் ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "எனக்கு என்ன வர்றது தெரியுமா மன்னி? கருடன் மூக்கு உடைஞ்சிருக்கு, காசைத் திருப்பிக் குடு. செட்டியார் பொம்மைக்கு ஒரு காது சின்னதா இருக்கு, ஸ்டார் குறைச்சுப் போடறேன். அவ்வளவுதான். பொண்ணு கல்யாணம், மாமியார் கால்வலின்னு எனக்கு ஒருத்தர் எழுதினதில்லை. கீழே நீங்க கண்ணாடியைப் போட்டுண்டு டைப் அடிக்கற சத்தம் கேக்கறச்சே எல்லாம், என்ன எழுதறா, யாருக்கு எழுதறான்னு இருக்கும்."

என் தட்டச்சின் சத்தம் மாடிவரை கேட்கும் என்று எனக்குத் தெரியாது. இந்த இடத்தில் நான் அவள் கையைப் பற்றியிருக்க வேண்டும்; அதுதான் முறை. அவளுக்கும் என் மேல் அப்படியொரு பொறாமை இருந்தது என்பது எனக்கு ஆறுதல் தந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதல் பங்கிட்டுக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாக இருக்கவில்லை. அந்தக் கடிதங்களை எல்லாம் என் முகவரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

தீட்டு கழிந்து, வீடு கழுவி, பூணூல் மாற்றி எல்லாம் ஆன பிறகு பாலக்கரைக்கு மறுபடி போனோம். சோதனைக் காலம் முடிகிற தருணம்; ஒரு முடிவு சொல்ல வேண்டும். தனிக்கடையாகவே இருந்துவிடுவது என்று பாதி வழிவரை நினைத்திருந்தேன். ஆனால் ஒரே பெட்டியில் புடவையும் பொம்மையும் போவது வாங்குகிறவர்களுக்கு நல்லது. அதை மறுப்பது அவர்களை வஞ்சிப்பது. எனவே நான் விட்டுக்கொடுக்கக் கூடியவற்றை ஒவ்வொன்றாக விட்டேன். கையிருப்பு ஒன்றாக இருக்கட்டும். கூரியர் ஒன்றாக இருக்கட்டும். ஓனராக அவளே இருக்கட்டும். என்னை ஸ்டாஃப் என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அதைச் சொல்வது நான் அஞ்சியதைக் காட்டிலும் எளிதாக இருந்தது. என் ஓர்ப்படிதான் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆனா லெட்டர் மட்டும் பின்கட்டுக்குப் போகக் கூடாது. என் கடைக்கு வர்றது எனக்கு மட்டும் வரணும்."

அந்த மனிதர் நெற்றியைத் தேய்த்தார். "பண்ணலாம்மா. ஆனா எதுக்கு? ஒரே எடத்துல வந்தா யார் ஃப்ரீயா இருக்காங்களோ அவங்க பதில் போட்டுடலாம்ல. கஸ்டமருக்கு யார் போட்டா என்னம்மா?"

"கஸ்டமருக்கு ஒண்ணுமில்லை" என்றேன். "எனக்கு இருக்கு."

அவர் அவளைப் பார்த்தார். அவள், "மன்னி சொல்றாப்பலயே பண்ணிடுங்கோ" என்றாள். சற்று நேரம் கழித்து, அவர் கணினியில் மூழ்கியிருந்தபோது, என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாள்: "பதில் போட மாட்டேன் மன்னி. எப்பவாவது படிக்க மட்டும் தருவேளா?"

கேட்கும்போது அவள் குரலில் குறும்பு இல்லை. தந்திருக்கலாம். படிப்பதால் ஒரு கடிதம் குறைந்துவிடாது என்பது, வாழ்நாளில் பாதியை நூலகத்தில் கழித்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பார்க்கலாம்" என்றேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவளுக்கும் தெரியும்.

அந்த ஏற்பாட்டில்தான் இன்றுவரை மூன்று கடைகளும் நடக்கின்றன. நவராத்திரிக்கு அவள் இழந்ததில் பெரும்பகுதியை எப்படியோ மீட்டுவிட்டாள். புடவையோடு பொம்மை வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பொம்மையோடு புடவை வாங்குகிறவர்களும். பாலக்கரை மனிதர் சொன்னது சரி.

போன வாரம் டொராண்டோ பெண்ணிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. மார்கழிக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை வேண்டும் என்று கேட்டிருந்தாள். கடைசியில் ஒரு வரி: 'அன்றைக்கு எனக்கு எழுதினாரே, உங்கள் ஓர்ப்படி, அவர் எப்படி இருக்கிறார்? அவரை மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.'

மயில்கழுத்து நிறத்தைப் பற்றி நான் நீளமாகவே எழுதினேன். வெயிலில் அது பச்சையாகத் திரும்புவதையும், உள்ளே வந்தால் நீலத்துக்கு மீள்வதையும், எந்தக் கரை அதற்கு இசையும் என்பதையும் விவரித்தேன். முடிவில், 'அவள் சௌக்கியம்' என்று எழுதினேன். மேலே ஆளரவம் கேட்டது. அவள் மாடியில்தான் இருந்தாள். கடிதத்தை அனுப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து என் புத்தகத்தைத் தொடர்ந்தேன்.